ஈரம் காயாத கதவு

மையத்தில் அவளுக்குச் சோப்புக்காரி என்று பெயர். குற்றத்தில் அடிபட்ட குடும்பங்களுக்குத் துணை நிற்கிற மையம் அது. நீதிமன்றத்துக்குக் கூடப் போக ஒருத்தர், போலீஸிடம் பேச ஒருத்தர் என்று ஆள் உண்டு. போலீஸ் வேலை முடித்துத் திருப்பித் தந்த வீட்டைத் துடைத்துக் கொடுப்பது இவள் பாடு. கைரேகை எடுக்கத் தூவுகிற கரும்பொடி இருக்கிறதே, அது சனியன் மாதிரி, பிடித்தால் விடாது.

அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். வீட்டுக்காரர் வந்து பார்த்து, இதைத் துடை, அதை விடு என்று சொல்லும்வரை துணியை நனைக்கக் கூடாது. வீடும் அவர்களுடையது, துக்கமும் அவர்களுடையது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை ஓதுகிறவளே அவள்தான்.

அன்று மத்தியானம், ஜன்னலைத் திறந்து வைக்கலாமென்று கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள். திருட வந்தவன் கூடத்தில் வைத்துக் குத்திவிட்டான், பிடிபட்டும் விட்டான். அப்போது அவளுடைய அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கியிருக்கிறாள். உடனே உயிர் போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்று யாரோ சொல்லி வைத்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நடமாடிக்கொண்டிருந்தாள்.

வீடெங்கும் கரும்பொடியில் அந்தப் பெண்ணின் கை. ஃபிரிட்ஜில் விரல், சுவிட்சில் விரல், கண்ணாடியில் உள்ளங்கை. இதெல்லாம் சோப்புக்காரிக்குப் பழக்கம்தான். ஆனால் உள்ளறைக் கதவு அப்படியல்ல. வெளிப்பக்கம், முழங்கால் உயரத்தில், விரித்த கை. அதன்மேல் இன்னொன்று. தவழ்ந்து வந்து தட்டியிருக்கிறாள்.

இது தெரிந்தால் அந்த மனுஷி உயிரோடு இருப்பாளா? சட்டமாவது மண்ணாவது என்று துணியை நனைத்தாள். போலீஸ்தான் படம் எடுத்தாயிற்றே, யாருக்கு என்ன நஷ்டம்? கதவு பளிச்சென்று ஆகிவிட்டது.

அம்மா வந்தாள். ஒவ்வொரு தடத்துக்கும் எதிரே நின்று, தொடாமல், தன் கையை விரித்துப் பார்த்தாள்.

"எதையும் துடைக்காத தங்கச்சி. எல்லாம் இப்படியே இருக்கட்டும்."

பிறகு உள்ளறைக்கு வந்தாள். நின்றுவிட்டாள்.

"வீடு பூரா கரி. இது மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"முதல்லயே அப்படித்தான் இருந்துச்சுக்கா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். கதவில் ஈரம்கூடக் காயவில்லை.

"அவ என்கிட்ட வந்தாளா?"

சோப்புக்காரி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எங்க தட்டினா, காட்டு."

சோப்புக்காரி நெஞ்சு உயரத்தில் கையை வைத்தாள்.

"ஈரம் அங்க இல்லையே. கீழ இறக்கு."

சோப்புக்காரி மண்டியிட்டு, ஈரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மகள் கடைசியாக அம்மாவைத் தேடி வந்த இடம். அதைத் துடைத்துப்போட நான் யார்? மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"இப்ப தட்டு," என்றாள் கதவுக்கு அந்தப்பக்கம். "கட்டில்ல படுத்திருந்தா எனக்குக் கேக்குமான்னு பாக்கணும்."

கட்டில் கிறீச்சிட்டது. சோப்புக்காரி கையை ஓங்கினாள். முடியவில்லை. கேட்டாலும் கொடுமை, கேட்காவிட்டாலும் கொடுமை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சின்னச் சத்தம்கூட இல்லை.

உள்ளே யாரோ துள்ளி எழுந்தார்கள். தாழ்ப்பாள் படபடவென்று ஆடித் திறந்துகொண்டது. அம்மா வாசற்படியில் மண்டியிட்டு, சோப்புக்காரியின் தோளுக்கு மேலே, காலியான கூடத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"கேட்டுச்சுடி. இதோ, வந்துட்டேன்டி."