குமிழி நடுவில்தான் இருந்தது

காலையில் கொத்தனார் கட்டிலில் வலப்பக்கம் புரண்டதுதான் தாமதம், வீடு சுற்றத் தொடங்கியது. மின்விசிறி சும்மா நிற்க, கூரை மட்டும் சுழன்றது. சொந்தக் கையால் கட்டிய வீடாயிற்றே! பக்கத்தில் படுத்திருந்த மனைவியை உலுக்கினார்.

"ஏய், எந்திரி! அஸ்திவாரம் இறங்குது!"

மனைவி பதறி எழுந்து பார்த்தாள். எதுவும் இறங்கவில்லை. அவரோ தட்டுத் தடுமாறிப் போய், வேலைப் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் நிறுத்திப் பிடித்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

"நம்ம சுவரு நேராத்தான் இருக்கு," என்றார் பெருமையாக. அடுத்த நொடி முகம் வெளுத்தது. "அப்ப நான்தான் சாஞ்சுட்டேனா?"

தலை சுற்றுகிறவனை யார் சாரத்தில் ஏற்றுவார்கள்? கரண்டி பிடித்த கைக்கு வேறு பிழைப்பு தெரியாது. முந்தின நாள் அவருக்கு மேல்தாடையில் புதுப்பல் பதித்த டாக்டருக்கு மனைவி போன் போட்டாள். அவர் உடனே காது டாக்டரிடம் போகச் சொன்னார். வழியெல்லாம் ரசமட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார் கொத்தனார்.

"பல்லு வைக்கிறப்ப எலும்புல சுத்தியலால தட்டினாங்களா?" என்று கேட்டார் காது டாக்டரம்மா.

"தட்டுனாங்களா? ஆணி அடிச்ச மாதிரி அடிச்சாங்க!"

"அந்த அதிர்வுல காதுக்குள்ள இருக்கிற பொடிக்கல்லு இடம் மாறிடுச்சு, அதான் தலை சுத்துது. திருப்பி உருட்டி விட்டுடலாம்."

"நாள் முழுக்க ஜல்லியோட கெடந்தா காதுக்குள்ள கல்லு போகாதா?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்துத் தலையை மெல்ல ஒருபுறம் திருப்பி, பிறகு மறுபுறம் திருப்பினார். அறை ராட்டினமாகச் சுற்றியது. மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சுற்றல் அடங்கியது. எழுந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"டாக்டரம்மா, அந்தக் கதவு நிலை சாஞ்சிருக்கு."

"ஐயையோ, இன்னும் போகலையே!" என்று மனைவி தலையில் கை வைத்தாள். டாக்டரம்மா மறுபடி படுக்க வைக்க வந்தார். கொத்தனார் பிடி கொடுக்காமல் நேரே நடந்து போய் ரசமட்டத்தை நிலையில் வைத்தார். குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடிப்போனது.

"அதான் இந்தக் கதவைச் சாத்தவே முடியலையா!" என்று டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மனைவிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"சாரம் ஏறலாமுங்களா?" என்று கேட்டார் கொத்தனார்.

"ஒரு வாரம் போகட்டும். அப்புறம் தாராளமா ஏறுங்க."

கொத்தனார் சட்டைக் கையை மடித்துவிட்டார். "அப்ப நாளைக்கே வந்து இந்த நிலையைச் சரி பண்ணித் தர்றேன். இதுக்குத் தரையில நின்னாப் போதும்."