உன் வீட்டில் சாப்பாடு

அனால்கோ பேட்டையில் நீலக் கதவு போட்ட அந்த வீடு, அதைக் கட்டியவருக்கோ அவர் மனைவிக்கோ மகளுக்கோ திறப்பதில்லை. ஹங்கேரி நாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணின் கை பட்டால் மட்டும்தான் திறக்கும். மெக்சிகோவின் புவெப்லா நகரத்தில் இதைப் பற்றி இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அது தொடங்கிய வாரத்தில் எரிமலை சாம்பல் தூவியது, தக்காளி விலை ஏறியது, இந்தக் கதவு பூட்டிக்கொண்டது. மூன்றில் தக்காளியைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் புலம்பினோம்.

அவள் பெயர் இல்திகோ. செகெத் என்ற ஊரிலிருந்து கட்டடக்கலை படிக்க ஒரே ஒரு வருஷத்துக்கென்று வந்தவள். எரிமலை நெடுந்தூக்கம் கலைந்து மறுபடி புகைய ஆரம்பித்திருந்த காலம் அது. பேட்டையில் தொலைபேசி வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இல்திகோ என்பது எங்கள் வாயில் நுழையவில்லை, ஹில்டா ஆக்கிவிட்டோம். ஸ்பானிஷை அவள் தன் ஊரிலேயே புத்தகம் வைத்துக் கரைத்துக் குடித்திருந்தாள். ரொட்டிக்காரன் வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னால் சில்லறையை வாங்கிக்கொண்டு திருத்திவிட்டுப் போவாள். அவன் நன்றி சொல்வான், அவள் திரும்பியதும் முகத்தைச் சுளிப்பான். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

அவளோடு படித்தவள் நயெலி. நயெலியின் அம்மா எலோடியா அம்மாள் ஒரு சனிக்கிழமை சந்தையில் இவளைப் பார்த்துக் கன்னத்தைத் தடவிச் சொன்னாள்: "நாளைக்கு மூணு மணிக்கு உன் வீட்டுல நமக்கெல்லாம் சாப்பாடு, கண்ணு. மோலேக் குழம்பு என் பொறுப்பு." எங்கள் ஊரில் மானமுள்ள யாரும் 'என் வீடு' என்று வாயால் சொல்ல மாட்டார்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று முன்பின் தெரியாதவன் கேட்டாலும் 'உங்க வீடு கோயிலுக்குப் பின்னால இருக்கு' என்றுதான் சொல்வோம். அது எங்கள் வீடுதான் என்று கேட்டவனுக்கும் தெரியும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஹில்டா சந்தோஷமாகத் தலையாட்டினாள். நாளைக்கு இவர்கள் எல்லோரும் தன் அறைக்கு மோலேயோடு வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடத்திலும் மேசை போட்டார்கள். எலோடியா அம்மாள் மிளகாயை வறுத்து, எள்ளும் பாதாமும் அரைத்து, சாக்லேட்டைக் கரைத்து, வான்கோழிக் கறியைக் குழம்பில் இறக்கி, மண்சட்டியை மேசை நடுவில் வைத்தாள். நாலு தெரு தள்ளி ஹில்டா தன் வீட்டுக்காரம்மா பெர்த்தாவிடம் நாற்காலிகளை இரவல் வாங்கி, தரையைத் துடைத்து, கசகசா வைத்த கேக்கைச் சுட்டு, ஜன்னலில் பூ வைத்தாள். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று, விளக்கு வைக்கும் நேரமும் ஆயிற்று. வராத விருந்தாளியைப் போய் இழுத்து வருவது எங்கள் ஊரில் கேவலம், அதனால் நயெலி கிளம்பவில்லை. ஏன் வரவில்லை என்று போய்க் கேட்பது பிச்சை கேட்பது போல என்று ஹில்டாவும் கிளம்பவில்லை. நயெலியின் அப்பா கூக்கோ பசியில் வெறும் டோர்தீயா ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்தார். விருந்தாளி கை வைக்காத மோலேயை யாரும் தொடக் கூடாது என்று எலோடியா அம்மாள் சட்டியை மூடிவிட்டாள்.

மறுநாள் கல்லூரி முற்றத்தில் நயெலி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதைப் பார்த்ததும் ஹில்டாவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. எல்லோரும் பார்க்க வழியை மறித்து, ஒரு எழுத்துகூடப் பிசகாத ஸ்பானிஷில் சொன்னாள்: "எங்க ஊர்ல வர்றேன்னு சொன்னா வருவாங்க. உங்க அம்மா ஒரு பொய்க்காரி." நயெலி புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்று சாயங்காலம், மூவரும் வெளியே போயிருந்த நேரத்தில், நயெலி வீட்டு நீலக் கதவு பூட்டிக்கொண்டது. சாவி தண்ணீருக்குள் சுற்றுவது போலச் சும்மா சுற்றியது. பூட்டுக்காரன் வந்து பூட்டையே கழற்றினான், கதவு அசையவில்லை. பக்கத்து வீட்டு மாடி வழியாக ஏறிப் பார்த்தார்கள், மாடிக் கதவும் அப்படியே நின்றது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், கதவிலிருந்த சாம்பல் கழுவிப்போனதுதான் மிச்சம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேசை போட்டபடி இருந்தது, அடுப்பு அணைந்து ஒரு நாள் ஆகியும் மோலேச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கூக்கோ மினி பஸ் ஓட்டுபவர். பஸ்ஸை வாசலில் நிறுத்தினார், மூவரும் அதில் படுத்தார்கள். விடிந்ததும் எழுப்பிவிட்டுச் சவாரிக்குக் கிளம்புவார். முதல் நடையில் ஏறியவர்கள் எலோடியா அம்மாளின் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

விஷயத்தை முதலில் பிடித்தவர் கூக்கோதான். "நீதானடி சொன்னே, உன் வீடுன்னு? குடுத்துட்டே. அவ வாங்கிக்கிட்டா."

"அப்ப அவளாத்தான் வரணும்," என்றாள் எலோடியா அம்மாள். "குடுத்த வீட்டைத் திறந்து விடுன்னு போய் நிக்கிறதுக்கு எனக்கு மூஞ்சி கிடையாது."

ஹில்டாவின் காதுக்கு இதெல்லாம் எட்டத்தான் செய்தது. யாரோ ஒருத்தியின் வீடு கோபித்துக்கொண்டது என்று நினைத்தாள். நல்லா வேணும் என்றுகூட நினைத்தாள். அந்த வாரக் கடைசியில் கேஸ்காரன் பெர்த்தாவிடம் எந்த வீடு என்று தெருவிலிருந்து கத்தினான். "உங்க வீடு, பச்சை ஜன்னல்!" என்று பெர்த்தா மாடியிலிருந்து பதில் கத்தினாள். அவன் தப்பில்லாமல் சிலிண்டரைப் பெர்த்தா வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கினான். அது அவன் வீடு இல்லையே, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று திருத்தும் குரலிலேயே கேட்டாள் ஹில்டா.

"வேற எப்படிச் சொல்லச் சொல்றே? என் வீடு, என் வீடுன்னு வாசல்ல நின்னு நாய் மாதிரி குரைக்கவா?" என்று சிரித்தாள் பெர்த்தா. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஹில்டா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தெரியாமல் மாற்றிப் புரிந்துகொண்டது தப்பில்லை, அதை யாரும் மன்னிப்பார்கள். பொய்க்காரி என்ற சொல்லை அவள் தெரிந்துதான் சொன்னாள். அதை நினைத்தபோதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். ரொட்டி வாங்கப் போகிறவள் போல நீலக் கதவுத் தெருவுக்குப் போவாள். பஸ்ஸின் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருக்கும் எலோடியா அம்மாளைக் கண்டதும் பேரீச்சம்பழ வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். திரும்ப ஊருக்கே ஓடிவிடலாமா என்று பெட்டியை எடுப்பாள், மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளுவாள். தான் போகாதவரை அந்த அம்மாள் பஸ்ஸில்தான் படுக்க வேண்டும் என்று தெரிந்தும் கால் எழவில்லை. அந்த நாட்களில் அவள் யார் பேச்சையும் திருத்தவில்லை. ரொட்டிக்காரன் இதைக் கவனித்து, அவளுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று எங்களிடம் சொன்னான்.

அடுத்த வார ஞாயிறு மூன்று மணிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாக்கியங்களை எல்லாக் காலங்களிலும் எல்லா வினை வடிவங்களிலும் மனப்பாடம் செய்துகொண்டு, தலையைக் குனிந்தபடி, தெருவே பார்க்க நடந்து போனாள். கதவைத் தட்டத்தான் கையை வைத்தாள். திறந்துகொண்டது. மோலே வாசனை தெருவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் மூவரும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏறி இறங்கிய வாசற்படியில், எலோடியா அம்மாள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கேட்டாள்: "உள்ள வரலாமாங்க?"

அந்த 'ங்க'வில் ஹில்டாவுக்கு உயிரே போயிற்று. சந்தையில் கன்னத்தைத் தடவிக் கண்ணு என்றவள். மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்தது. பெர்த்தாவிடம் கேட்ட ஒன்றே ஒன்று வாயில் நின்றது. "வாங்க, வாங்க. இது உங்க வீடு," என்றாள். நாங்கள் கை தட்டினோம். பிரச்சினை தீர்ந்ததென்று கூக்கோ தொப்பியைக் கழற்றினார். ஆனால் எங்கள் ஊரில் 'உங்க வீடு' என்று வாசலில் நின்று சொல்பவர்தான் வீட்டுக்காரர். அவள் முதன்முதலாக ஸ்பானிஷை எங்களைப் போலவே பேசியிருந்தாள், வீடும் அதை எங்கள் முறைப்படியே எடுத்துக்கொண்டது.

மோலே அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல இருந்தது. எலோடியா அம்மாள் பரிமாறிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க," என்றாள். பொய்க்காரி என்று தான் சொன்னதை இந்த அம்மாளிடம் யாரும் சொல்லவில்லை என்று ஹில்டா நினைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த நயெலி தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஹில்டா விழுங்கினாள்.

மறுநாள் சந்தைக்குப் போய்த் திரும்பிய எலோடியா அம்மாளுக்குக் கதவு திறக்கவில்லை. ஹில்டாவைக் கூட்டிவந்தார்கள், திறந்தது. கூக்கோ கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தார். காலையில் அது இருந்த இடத்தில் இருந்தது. தினமும் வந்து திறந்துவிட்டுப் போவது சரிப்படாததால் அவள் பெட்டியோடு மாடி அறைக்கு வந்துசேர்ந்தாள். வருஷம் முடிந்தது, விமானம் அவள் இல்லாமல் போயிற்று. மூன்று பேரைத் தெருவில் நிறுத்திவிட்டு எப்படிப் போவது? பழைய வீடுகளைச் செப்பனிடும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. நயெலி கல்யாணம் செய்துகொண்டு பக்கத்து ஊர் சோலூலாவுக்குப் போனாள். கூக்கோவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, பஸ்ஸை விற்றார். செகெதிலிருந்து ஹில்டாவின் அம்மா ஒருமுறை வந்தபோது எலோடியா அம்மாள் கையை விரித்து 'இது உங்க வீடு' என்று ஆரம்பித்தாள். ஹில்டா பாய்ந்து குறுக்கே விழுந்து, "வணக்கம் சொல்றாங்கம்மா, வேற ஒண்ணுமில்ல," என்று மொழிபெயர்த்தாள். கதவு இன்னொரு கையையும் கேட்க ஆரம்பித்தால் யாரால் முடியும்?

இத்தனைக்கும் நடுவில் எலோடியா அம்மாள் ஒருநாளும் 'நீங்க'வை விடவில்லை. உப்பு வேணுமாங்க என்பாள். குளிக்கத் தண்ணீர் சூடாக இருக்குங்க என்பாள். வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் நின்று உத்தரவு கேட்டுத்தான் படியேறுவாள். அவள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஹில்டாவின் காது மடல் சிவக்கும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் இப்படித் தண்டிக்கிறாளோ என்று சில நாள் தோன்றும். ஒன்றும் தெரியாமல் இத்தனை மரியாதை கொடுக்கிறாளே என்று மற்ற நாள் தோன்றும், அது இன்னும் மோசம். சொல்லாத சொல் உள்ளேயே கிடந்தது. தலையில் நரை தட்ட ஆரம்பித்த பிறகும் கிடந்தது.

ஒரு மத்தியானம் எலோடியா அம்மாள் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்படி முழுவதும் புகை, இருவருக்கும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். அழுதாலும் தெரியாது என்ற தைரியத்தில் ஹில்டா சொல்லிவிட்டாள்: "அம்மா, அன்னைக்குக் காலேஜ்ல உங்களைப் பொய்க்காரின்னு சொன்னேன். எல்லார் முன்னாலயும்."

எலோடியா அம்மாள் கரண்டியை நிறுத்தவில்லை. "தெரியுங்க. அன்னைக்குச் சாயங்காலமே ரொட்டிக்கடையில சொல்லிட்டாங்க. அதைக் கேட்டுட்டு வந்துதான் சாவியைப் போட்டேன்."

"அப்புறம் ஏன்மா ஒரு வார்த்தை கேக்கல? இத்தனை வருஷம்..."

"என்னன்னு கேக்கறது? நீங்க சொன்னது நிஜந்தானே." மிளகாயைத் தட்டில் கொட்டிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்தாள். "உன் வீடுன்னு நான் சொன்னப்ப, மனசுல அப்படி நினைச்சா சொன்னேன்? ஊரே சொல்ற மாதிரி நானும் சும்மா சொன்னேன். பொய்தான். இத்தனை வருஷமா எத்தனை பேருகிட்ட இதே பொய்யைச் சொல்லியிருப்பேன்! நீங்க ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரா கேட்டீங்க. நான் பொய்க்காரியா ஆயிடக் கூடாதேன்னு இந்த வீடு அன்னைக்கே அதை மெய்யாக்கிடுச்சு. என் மானத்தைக் காப்பாத்தினது வீடு, நான் இல்ல. அந்த வெக்கத்துலதான் உங்களை ஏறெடுத்துப் பாக்க முடியாம, வாங்க போங்கன்னே இருந்துட்டேன்."

ஹில்டா அம்மியருகே தரையில் உட்கார்ந்து, புகையைச் சாக்கு வைக்காமலே அழுதாள். தன் வெட்கத்துக்குள்ளேயே குடியிருந்ததில், அதே கூரையின் கீழ் இன்னொருத்தியும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது. எலோடியா அம்மாள் காலால் அவளை லேசாகத் தள்ளினாள்.

"எந்திரிடி. எள்ளு கருகுது பாரு."

கதவு இன்றும் ஹில்டாவின் கைக்கு மட்டும்தான் திறக்கிறது. யாரும் பாதிரியாரைக் கூப்பிடுவதில்லை, பூட்டுக்காரனைத் தேடுவதில்லை. சாயங்காலம் எலோடியா அம்மாள் சந்தையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்து, பேட்டைக்கே கேட்கும்படி கத்துகிறாள்: "ஏ ஹில்டா! எவ்வளவு நேரமாடி நிக்கிறது? வந்து கதவைத் திற!"