ஆடுகள் இறங்கிய தடம்

சைக்கிளைக் கீழ்ப்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தி, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி ஆணியில் மாட்டி, இழுத்தும் பார்த்துக்கொண்டாள் கெயில். மலையின் குறுக்கே ஓடும் கல்சுவரில் அந்தப் பக்கத்துக்கு அது ஒன்றுதான் கதவு. அது ஆவென்று திறந்து கிடந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்து வேகமாக மிதித்து வந்திருந்தாள்.

"எந்தப் புண்ணியவான் தொறந்து போட்டுட்டுப் போனான்னு தெரியல. இன்னைக்குன்னு பாத்து!"

"சாத்திட்டல்ல, விடு. கிளெம் பாத்திருந்தா உன்னயும் என்னயும் அந்த ஆணியிலயே தொங்கவிட்டிருப்பான்" என்றான் டெஸ். ஓய்வுபெற்ற தபால்காரன். அந்தப் பள்ளத்தாக்கில் அவனைக் கடிக்காத நாய் கிடையாது. இப்போது அவற்றையெல்லாம் சைக்கிளில் முந்துவதுதான் தன் ஓய்வுக்கால லட்சியம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கதவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம், இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே கிளெம் ரிக்கின் பண்ணைக்குப் போகும் வண்டிப்பாதை. வலப்பக்கம், ஓக் மரங்களும் பெரணிப் புதர்களுமாக அடர்ந்த கிளெமின் காடு. அந்தக் காட்டுக்குள் நெளிந்து நெளிந்து கீழே தார்ச்சாலை வரைக்கும் இறங்குகிற சைக்கிள் தடம், கெயிலும் டெஸ்ஸும் இன்னும் சிலரும் குளிர்காலம் முழுக்க மழையில் நின்று மண்வெட்டியால் வெட்டியது. அதற்கு முன்னால், மலையிலிருந்து இறங்குகிறவர்கள் கல்குவாரி லாரிகளோடு சாலையில் உரசிக்கொண்டுதான் ஊர் திரும்ப வேண்டும். ஒரு பையன் கையை ஒடித்துக்கொண்ட பிறகுதான் கெயில் காட்டுக்குள் தடம் போட அனுமதி கேட்டு, கிளெமின் சமையலறையில் போய் உட்கார்ந்தாள். மூன்று கோப்பைத் தேநீர் ஆறிப்போயின. கடைசியில் சொன்னான்: "ஒரு கோடைக்கு மட்டும். இலையுதிர்காலத்துல மந்தையில கிடாய் விடுறதுக்குள்ள நானே நடந்து பாத்துச் சொல்றேன், வேணுமா வேணாமான்னு. ஆனா ஒண்ணு. ஒரே ஒரு நாள் அந்தக் கதவு தொறந்து கெடந்ததப் பாத்தேன், உங்க தடத்துல உருளைக்கிழங்கு போட்டுருவேன்."

அன்றிலிருந்து கெயில் கதவுப் பைத்தியமாகிவிட்டாள். 'கதவைச் சாத்து' என்று சிவப்பு எழுத்தில் பலகை எழுதி மாட்டியதும் அவள்தான். வெளியூர்க்காரர்கள் யாராவது சாத்தாமல் போனால், துரத்திப் பிடித்துத் திருப்பி அனுப்புவாள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல் அவளுக்கு. யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

இன்று மத்தியானம் கிளெம் தடத்தை நடந்து பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்கு முன்னால் ஒடிந்து விழுந்த கிளைகளை ஒதுக்கிவிடலாம் என்றுதான் இருவரும் காலையிலேயே மலையைச் சுற்றி ஏறி வந்திருந்தார்கள். சில நாட்களாக மலையுச்சியில் படுத்துக் கிடந்த மேகம் அப்போதுதான் விலக ஆரம்பித்திருந்தது. கெயிலுக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு, விவாகரத்துக் காகிதத்தில் மை காய்வதற்குள், ஒரு பழைய சைக்கிளை வாங்கி மலையிலிருந்து இறங்கிப் பார்த்தவள் அவள். அந்த முதல் இறக்கத்தில் வாயைத் திறந்து கத்தியது யார் என்று அவளுக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. இந்தத் தடம் போய்விட்டால் அந்தச் சத்தமும் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"இன்னைக்காவது பாறையில ஓட்டி எறங்குவியா, இல்ல வழக்கம்போல சைக்கிளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவியா?" என்றான் டெஸ்.

தடத்தின் கடைசியில் ஒரு பாறைச் சரிவு. வீட்டுக்கூரை மாதிரி செங்குத்து. பாசியையும் புதரையும் சுரண்டி அதை வெளியே கொண்டுவந்தவள் கெயில்தான். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் அதில் சீட்டியடித்துக்கொண்டு இறங்குவார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் விளிம்பு வரை வந்து, சைக்கிளை விட்டு இறங்கி, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவாள்.

"உன் வேலையப் பாருய்யா."

அப்போதுதான் மேலே நாய் குரைத்தது. பிறகு ஒரு விசில். பிறகு, விலகிய மேகத்துக்குள்ளிருந்து ஆடுகள். பழுப்பும் சாம்பலுமாக, முதுகில் சிவப்புச் சாயக் கோட்டோடு, கிளெமின் மொத்த மந்தையும் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. பின்னால் கிளெம், அவன் தங்கை, பக்கத்துப் பண்ணை ஆட்கள், எல்லோர் கையிலும் கோல்.

கெயிலுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மேகம் விலகுகிற நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். மயிர் கத்தரிக்க மந்தையை இறக்குகிற நாள். விடியற்காலையிலேயே கிளெம் வந்து கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறான். திறந்து வைத்த புண்ணியவான் அவனேதான்.

"எவன்டா கதவச் சாத்துனது!" கிளெமின் குரல் மலையில் முட்டித் திரும்பி வந்தது.

முன்னால் வந்த ஆடுகள் கதவில் மோதி நின்றன. பின்னால் வந்தவை அவற்றின் மேல் ஏறின. சங்கிலியின் இரண்டு சுற்றும் அவ்வளவு பாரத்தில் இறுகிப்போய், டெஸ் எவ்வளவு இழுத்தும் கழலவில்லை. அதற்குள் ஒரு கிழட்டுப் பெட்டை வலப்பக்கம் சுவர் தாழ்ந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரே தாவு. இரண்டு கல் உருண்டது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னும் நாலு கல். பிறகு எண்ண முடியவில்லை. பெரணியில் புகுந்து அலைந்தவை தடத்தைக் கண்டதும், தங்களுக்காகத்தான் வெட்டி வைத்தது போல அதில் வரிசையாகத் திரும்பின.

"கீழ லாரிடி!" என்று கத்தினான் டெஸ். "ரோட்டுக்குப் போயிரும். ஓடு! நான் கதவப் பாத்துக்கறேன்!"

கெயில் இருக்கையைத் தாழ்த்தி ஏறி, ஆடுகளுக்கு முன்னால் தடத்தில் புகுந்து மிதித்தாள். முதல் வளைவில் பின்சக்கரம் வழுக்கியது, இரண்டாவதில் வளைவோரம் எழுப்பியிருந்த மண்மேடு தாங்கிக்கொண்டது. அதை அடித்து அடித்து இறுக்கிய நாளில் அவள் கை கொப்பளித்திருந்தது. பின்னால் நூற்றுக்கணக்கான குளம்புகளின் சத்தம். வேர், கல், ஓடைமேல் போட்ட பலகை எல்லாம் அடியில் தடதடவென்று ஓடின. தடம் அவள் கைக்கும் காலுக்கும் மனப்பாடம். 'செத்தேன், தடம் போச்சு, செத்தேன்' என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. உடம்பு அதைக் காதில் வாங்கவே இல்லை.

பாறை வந்தது. இறங்கித் தள்ள நேரமில்லை. விளிம்பில் அவள் கண் கீழே பார்க்கவில்லை, பாறைக்கு அப்பால் மரங்களின் இடைவெளியில் தெரிந்த சாலையைப் பார்த்தது. குதிகாலை அழுத்தி, பின்னால் சாய்ந்து, பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள். வயிறு மேலேயே தங்கிவிட, மீதி உடம்பு கீழே வந்து சேர்ந்தது. யாரோ கத்தினார்கள். இந்த முறை யார் என்று அவளுக்குத் தெரிந்தது.

சாலையின் நடுவே சைக்கிளைக் குறுக்கே போட்டு, இரு கையையும் விரித்து நின்றாள். வளைவில் வந்த குவாரி லாரி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?"

"ஆடு வருதுய்யா! எறங்கி வா!"

அவர் இறங்கவும் காடு ஆடுகளைத் துப்பவும் சரியாக இருந்தது. பாறையில் அவை ஒவ்வொன்றாகக் குதித்து வந்த அழகைப் பார்த்து, கையை விரித்து நின்ற நிலையிலேயே கெயிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லாரிக்காரரும் கையை விரித்து "ஹோ, ஹோ" என்று ஆடினார். லாரிக்கும் அவளுக்கும் நடுவில் வழியில்லாமல், ஆடுகள் சாலையோரமே இருந்த பண்ணை வாசல் பக்கம் திரும்பி, ஏதோ ஆரம்பத்திலேயே அங்கேதான் போக நினைத்தது போலப் போய்விட்டன. மேலே டெஸ் கதவைத் திறந்துவிட்டிருந்தான். மீதி மந்தை வண்டிப்பாதையில் ஒழுங்காக இறங்குவது தெரிந்தது.

கடைசி ஆட்டுக்குப் பின்னால், நாயோடு, தடம் வழியாகவே நடந்து வந்தான் கிளெம். கெயிலின் சிரிப்பு நின்றது. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"கதவ நான்தான் சாத்துனேன், கிளெம்."

"தெரியும். சங்கிலிய ரெண்டு சுத்து சுத்துறவ இந்த ஊர்ல வேற யாரு?" அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "தொறந்து வெச்சவன் நான். சொல்லி அனுப்பியிருக்கணும்."

கிளெம் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து பள்ளத்தாக்கில் யாரும் கேட்டதில்லை. அவன் தன் காலணிகளைக் குனிந்து பார்த்தான்.

"நம்ம காட்டுல சகதியில்லாம, கால் நனையாம நடந்து வந்தது இன்னைக்குத்தான், இந்தத் தடத்துலதான்."

அவன் திரும்பிப் பாறையை அண்ணாந்து பார்த்தான்.

"அதுல நீயா ஓட்டி எறங்குன?"

"ஆமா."

"கிறுக்கு" என்றான். லாரிக்காரர் ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

கிளெம் பண்ணைப் பக்கம் போகவில்லை. பாறையடியில், ஆடுகள் மிதித்துச் சரித்திருந்த தட வளைவின் ஓரத்துக்குப் போனான். அங்கே உருண்டு கிடந்த கல் ஒன்றை எடுத்தான். சுவர் கட்டுகிறவன் பார்ப்பது போலக் கையில் இப்படியும் அப்படியும் திருப்பி, அதன் தட்டையான பக்கத்தைக் கண்டுபிடித்து, சரிந்த மண்ணில் பொருத்தி, குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். அசைகிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தான். பிறகு அடுத்த கல்லைத் தேடிக் குனிந்தான்.