இட்லித் தட்டில் குறைந்த நட்டு

எங்கள் வீட்டு இட்லித் தட்டில் இட்லி வெந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாலு தட்டையும் என் வீட்டுக்காரர் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒவ்வொரு குழியிலும் நட்டும் போல்ட்டுமாகக் கிடந்தன. எந்தக் குழியில் இருப்பது எஞ்சினில் எந்த இடத்துக்கு என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைகள் இட்லி கேட்டால் தோசை சுட்டுப் போட்டு வாயை அடைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்.

அவர் பெயர் தசரதன். ஆரணியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். எமர்ஜென்சி முடிந்த வருஷம், சேத்துப்பட்டுக்குப் போன கம்பெனி பஸ் ஒன்று பாதி வழியில் எஞ்சின் உடைந்து நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் அடியில் இருக்கும் ஆயில் சேம்பருக்குள் ஒரு நட்டு கிடந்தது. கடைசியாக அந்த எஞ்சினைத் திறந்து மூடியவர் இவர். நான் உள்ளே விடவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார், யார் கேட்டார்கள்? மேனேஜர் அந்த நட்டை எல்லோர் எதிரிலும் இவர் கையில் வைத்தார்.

"இத ஊட்டுல தொங்க வுட்டுகினு தெனம் பாரு. அப்பவாச்சும் புத்தி வரும்" என்றாராம். அன்றோடு வேலை போயிற்று.

அந்த நட்டை இவர் தொங்கவும் விடவில்லை, தூக்கி எறியவும் இல்லை. ஒரு பவுடர் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தார். அதற்குப் பிறகு ஸ்பானரைத் தொடவே இல்லை. என் தறிக்கு எடுபிடியாக இருந்தார். நான் நெய்து குடும்பம் நடந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த முரட்டு விரல்கள் பட்ட இடமெல்லாம் பட்டு நூல் சிக்கு விழும், என் வாயும் திறக்கும். எண்ணெய்க் கை உள்ள ஆள் தறிக்கூடத்துக்குள் வரக் கூடாது என்று கல்யாணமான நாளிலேயே நான் போட்ட சட்டம். இப்போது கையில் எண்ணெயே இல்லாத ஆள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் போனபின் சக்கரவர்த்தி நயினார் வந்தார். அரிசி மில் வைத்திருப்பவர். அவர் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய வாக்ஸால் கார் ஒன்று மில் கிடங்கில் கோழி முட்டையிடும் இடமாகக் கிடந்தது. அதை ஓட வைத்துக் கொடு என்றார். இவர் முடியாது என்றார். மறுபடி வந்து கேட்டார், மறுபடி முடியாது என்றார். அப்படியானால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்று நயினார் செருப்பை மாட்டினார் பாருங்கள், அந்தப் பேச்சை இவரால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே மில் ஆட்கள் காரைத் தள்ளிக்கொண்டு வந்து, மாட்டை விற்றபின் காலியாகக் கிடந்த எங்கள் தகரக் கொட்டகையில் விட்டார்கள். கொட்டகைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரு கதவுதான்.

அந்த எஞ்சின் ஓடினால் இவர் மறுபடியும் மெக்கானிக். ஓடாமல் போனால் மேனேஜர் சொன்னதுதான் உண்மை. இதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சோறு போடும்போதும் படுக்கும்போதும் எங்களுக்கு நடுவில் அந்தப் பேச்சுதான் இருந்தது. மனசைத் திறந்து சொன்னால், பஸ்ஸில் நட்டை விட்டது இவராக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கும் ஒரு மூலையில் இருந்தது.

காரைக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. மறுநாள் காலையில் குடும்பத்தோடு பக்கத்திலிருக்கும் திருமலை ஜைனர் கோயிலுக்கு அந்தக் காரில் போவதாக நயினார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இருட்டுவதற்கு முன்னே சாப்பிட்டுவிடுகிற ஜைனர் வீட்டுக்காரர் அவர். அதனால் பொழுது இறங்குவதற்குள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவார்.

காலையில் நான் தறியில் இருந்தேன். கொட்டகையில் ஸ்பானர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, சட்டென்று நின்றது. தறிச் சத்தம் நின்றால் அவர் எட்டிப் பார்ப்பார், ஸ்பானர் சத்தம் நின்றால் நான் எட்டிப் பார்ப்பேன். போய்ப் பார்த்தேன். கையில் கடைசி இட்லித் தட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

எல்லாம் பூட்டி முடிந்துவிட்டது. எஞ்சின் தலையில் ராக்கர் என்று ஒரு தண்டு, அதை நாலு நட்டுப் போட்டு இறுக்கிவிட்டால் வேலை தீர்ந்தது. குழியில் மூன்றுதான் இருந்தது.

நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தேடினேன். தரையைப் பெருக்கினேன், கோழிக் கூடையைக் கவிழ்த்தேன், பிள்ளைகள் பையை உதறினேன். இல்லை. போனால் போகிறது, வேலூரில் வேறொன்று வாங்கிப் போட்டால் போகிறது என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேற போடலாம். காணாப் போனது உள்ள இருந்துதுன்னா?" என்றார்.

ராக்கருக்குப் பக்கத்திலேயே கீழே இறங்குகிற ஓட்டைகள் இருந்தன. காலையில் தட்டை எஞ்சின்மேல் வைத்துக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறார். ஒரு நட்டு உருண்டு அந்த ஓட்டைக்குள் விழுந்திருந்தால் நேராக உள்ளேதான். பட்ட காலிலேயே படும் என்பார்களே, அதுதான்.

காருக்கு அடியில் படுத்து, ஊற்றிய ஆயிலை எல்லாம் இறக்கிச் சேம்பரைக் கழற்றினார். ஆயிலை நான் பழைய வேட்டியில் வடிகட்டினேன். ஒன்றும் இல்லை. காந்தத்தை நூலில் கட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. உள்ளே இல்லையென்றால் நல்லதுதானே என்று நான் ஆறுதல் சொன்னேன். அவர் காரின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இல்லாம எங்க போவும்? எங்கியோ சந்துல மாட்டிகினு கீது. எனுக்கே தெரியாம வுட்டுட்டு கீறேன்" என்றார். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "அப்போ அன்னிக்கும் நான்தான் வுட்டுகீறேன், விருத்தா" என்றார்.

வேலை போன அன்றுகூட அவர் அப்படிச் சொல்லவில்லை. ஊரே சொன்னபோதும் இல்லை இல்லை என்று நின்ற மனுஷன், ஒரு நட்டுக்காகத் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டார்.

எழுந்து மண்ணெண்ணெயில் கையைக் கழுவினார். ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கோணியில் போட்டுக் கட்டினார். நயினார் வந்ததும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போகிறாராம். எனக்கு நயினார்மேல் கோபம், மேனேஜர்மேல் கோபம், அந்த இட்லித் தட்டின்மேல்கூடக் கோபம். காலால் ஓர் உதை விட்டேன். அது போய்ச் சுவரில் மோதிச் சுற்றிச் சுற்றி விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குத்தான் எதிர்வீட்டுக் கெங்கம்மாள் அக்கா வந்தாள். நான் தறியில் உட்கார முடியாத நாளில் எனக்குப் பதிலாக உட்காருகிறவள். போன வாரம் நான் பெரணமல்லூரில் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன், இவர் எஞ்சினுக்குக் கேஸ்கெட் வாங்க வேலூருக்குப் போயிருந்தார். அன்று முழுக்கத் தறியில் இருந்தவள் அவள்தான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன பேஜார் என்று கேட்டாள். ஒரு நட்டைக் காணோம், அதனால் எங்கள் பிழைப்பே போகிறது என்று சொன்னேன். அவள் தாடையில் கை வைத்து யோசித்தாள்.

"நட்டுன்னா, ஆறு மூலையா இருக்குமே, நடுவுல ஓட்டையா? எண்ணெ பூசிகினு?"

நாங்கள் இரண்டு பேரும் அவளையே பார்த்தோம்.

"அத தறியில கட்டிகீறேன்" என்றாள்.

நெய்கிற வீட்டில் இது ஒரு சாதாரண விஷயம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓரத்து இழை அறுந்தால், புது இழை ஒன்றை முடிந்து தறிக்குப் பின்னால் தனியாகத் தொங்கவிடுவோம். அது விறைப்பாக நிற்க நுனியில் கனமாக எதையாவது கட்டுவோம். கூழாங்கல், உடைந்த பூட்டு, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. அன்று அவள் நெய்தபோது இழை அறுந்திருக்கிறது. அக்கா சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறாள், கொட்டகைக் கதவு திறந்திருந்திருக்கிறது.

"இட்லித் தட்டுல கெடந்தா அது சமையக்கட்டு சாமான்னுதானே நெனைப்பேன்? வண்டி சாமானு இட்லித் தட்டுல கெடக்கும்னு எவ கண்டா? எண்ணெயா இருந்துது, பட்டுல கறை படும்னு துணியில சுத்திக் கட்டினேன்" என்றாள். அவள் பேச்சில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அந்தத் துணி முடிச்சை அன்று காலையிலும் பார்த்துக்கொண்டுதான் நான் நெய்தேன். உள்ளே கூழாங்கல் என்று நினைத்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அவர் என் சட்டத்தை எல்லாம் மறந்து தறிக்கூடத்துக்குள் ஓடினார். கெங்கம்மாள் அக்கா அவரைக் கையை நீட்ட விடவில்லை. தானே குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். இழை தொய்ந்துவிடாமல் இருக்கத் தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அந்த இடத்தில் கட்டினாள். பிறகுதான் துணியைப் பிரித்துக் காட்டினாள். சின்ன நட்டு, அவ்வளவுதான்.

அவர் அதை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வுடல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது. "நான் வுடல, விருத்தா."

என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பஸ்ஸில் நட்டு எப்படி விழுந்தது என்று இன்றுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. இந்த நட்டு கிடைத்ததால் அந்த வழக்குத் தீர்ந்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, இத்தனை நாள் மூலையில் கிடந்த என் சந்தேகம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இவர் விட்டிருக்க மாட்டார். விடுகிற ஆள், ஒரு நட்டு குறைந்ததற்குச் சேம்பரைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

கோணி மறுபடி அவிழ்ந்தது. சேம்பரை மாட்டினார். வடிகட்டிய ஆயிலை நான் புனல் வைத்து ஊற்றினேன். நாலாவது நட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நயினார் குரல் கேட்டது. ஆயில் வழிந்த தரையையும், என் புடவையில் இருந்த கறையையும் பார்த்தவர், இன்னும் வேலை பாக்கியா என்றார். இல்லை என்றார் இவர்.

கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினார். எஞ்சின் ஒரு தரம் செருமிவிட்டு அடங்கியது. என் உயிர் என்னிடம் இல்லை. மறுபடி சுற்றினார். பின்னால் கரும்புகை கொட்டியது, கோழிகள் கூரைமேல் பறந்தன, எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் தடதடவென்று, பிறகு சீராக. இவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். நான் அந்த எஞ்சினைக் கேட்கவில்லை, அவர் தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

நயினார் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வானத்தைப் பார்த்தார், பொழுது இருக்கிறது என்றார். நீயே ஓட்டு என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி தெருவில் போனபோது தறிச் சத்தமெல்லாம் நின்று, வீட்டுக்கு வீடு தலை நீண்டது. பஸ் கம்பெனி வாசல் வழியாகப் போனால்தான் மில்லுக்கு வழி. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

மில்லில் காரை விட்டுவிட்டு அவர் திரும்பி நடந்து வந்தபோது கெங்கம்மாள் அக்கா தறிக்கூடத்தில் உட்கார்ந்தே இருந்தாள்.

"எஞ் சாவிய எப்பப்பா குடுக்கறதா உத்தேசம்? ஊட்டுல ஒல வெக்கணும். ஜல்தியா வேற எதுனா குடு, கட்டிட்டுப் போறேன்."

நான் வாசலில் கல் தேடப் போனேன். அவர் வேண்டாம் என்று நிறுத்தினார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் கழுவினார். பரண்மேலிருந்து பவுடர் டப்பாவை இறக்கினார். உள்ளே இருந்ததை ஒரு துண்டுத் துணியில் சுற்றி, தறிக்குப் பின்னால் குனிந்து, அக்கா காட்டிய இழையில் தானே கட்டினார். இழை விறைத்து நின்றது. விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"மேனேஜரு சொன்ன மாதிரியே ஊட்டுல தொங்க வுட்டுட்டேன்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கெங்கம்மாள் அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உலை வைக்கப் போனாள். நான் இட்லித் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனேன். ஒரு தட்டு நான் உதைத்ததில் நெளிந்திருந்தது, அதை அவரே தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்.