தோளில் ஒரு துணி

போதும், அதோடு விடுங்கள். இனிமேல் திருப்பினால் கெட்டுப்போகும்.

அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் பல் டாக்டரின் பழைய கார் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு சிலிண்டர் வண்டி. நன்றாக இருக்கும்போது ஒரே சீராக முனகும். இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பது போல் தடுமாறியது. தடுமாற ஆரம்பித்ததுமே திருப்புகிற கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

எழுந்து போய் இடைக்கதவில் நின்றாள். அவள் கணவர் பானட்டுக்குள் குனிந்து, கார்புரேட்டரின் அடியிலிருந்த சின்ன ஸ்க்ரூவைத் திருப்புளியால் உள்ளே முறுக்கிக்கொண்டிருந்தார். கண்களை மூடியிருந்தார். இருபது வருடமாகப் பலரும் நின்று பார்த்த காட்சி அது. மீட்டர் எதுவும் வைக்காமல், காதால் கேட்டே பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்துவிடுவார். அவரைக் 'காதுக்காரர்' என்றால்தான் தெரியும். சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லையே என்பார்கள்.

அருகில் போய் முழங்கையைத் தொட்டாள். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"எப்ப வந்தே?"

"வண்டியை நிறுத்துங்க."

"என்ன?"

அவளே கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தாள். பிறகு அந்த ஸ்க்ரூவை முழுவதும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசி போல் கூர்ந்திருக்க வேண்டிய முனையைச் சுற்றி, இறுகிய மோதிரம் விரலில் விடுகிற தழும்பு மாதிரி ஒரு பள்ளம். கடைசி வரை முறுக்கி, அதற்கு மேலும் அழுத்தியதால் வந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவன்கூட முதல் வாரத்தில் திட்டு வாங்கித் திருந்திவிடுகிற தப்பு. இன்ஜின் தடுமாறுவது காதில் விழாத ஒருவரால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதைச் செய்ய முடியும்.

அவரும் பார்த்தார். கையைத் துடைக்க ஒன்றுமில்லாமல் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"நீ தைச்சுக்கிட்டிருந்தே. உன்னை எதுக்குக் கூப்பிடணும்னு நானே பண்ணிப் பாத்தேன்."

அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வரவில்லை. பரிதாபம்தான் வந்தது. பரிதாபம் வந்ததே என்று தன்மேல் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாடகைக் கார் ஒரே குறைக்காக மூன்று தடவை திரும்பி வந்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. தையல் அறைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். பதினெட்டு வருஷம் அந்தச் சத்தத்தோடு ஜாக்கெட் தைத்தவளுக்கு, எது சரி, எது சரியில்லை என்பது யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது. அன்று ஏதோ எடுக்க வந்தவள் போல் கதவருகே நின்று, சத்தம் சீரான நொடியில் கை துடைக்கும் துணியைத் தோளில் போட்டாள். அவர் அதைப் பார்த்துத் திருப்புவதை நிறுத்தினார். அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. துணி கையில் இருந்தால் திருப்பலாம், தோளுக்கு வந்தால் நிறுத்த வேண்டும். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவளுக்கு அது பிடித்திருந்தது. தனக்குத்தானே ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும், பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இத்தனை தடவை அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை. வேலைக்கு நடுவே கண் அவளைத் தேடும். கண்டுபிடித்ததும் அமைதியாகும். அந்தப் பார்வைக்காகவே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. அவர் தேடியது துணியைத்தான் என்று புரிந்துகொள்ள அவளுக்குப் பல மாதம் பிடித்தது.

பழைய சாமான் டப்பாவைக் கொட்டி, இதே மாதிரி கார்புரேட்டரிலிருந்து எடுத்து வைத்திருந்த நல்ல ஸ்க்ரூ ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். அவர் வாங்கி, விரல் நுனியால் மெதுவாக உள்ளே விட்டு, முட்டியதும் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். பக்கத்து ஸ்க்ரூவையும் அதே கணக்குக்கு வைத்தார். இதையெல்லாம் அவர் கை இன்னும் அழகாகச் செய்தது. அப்படிக் கையை நீட்டியபோது, சட்டைக் கையில் மணிக்கட்டுப் பக்கம் அவள் போட்ட தையல் தெரிந்தது.

போன வாரம் கிழிந்தது. ஆணியில் மாட்டிக்கொண்டது என்றார். ஆணி துணியைக் கீறும், முறுக்காது. அந்தக் கிழிசல் முறுக்கிப் பிய்ந்து, ஓரமெல்லாம் கிரீஸாக இருந்தது. அன்று வந்தது சத்தமே போடாத புது வண்டி. இன்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்து விசிறிப் பக்கம் கையை விட்டிருக்கிறார். ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தால், அவள் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்திருக்க மாட்டாள்.

"நாலு மணிக்கு டாக்டர் வந்துடுவார்," என்றார் அவர். "பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்காம விட மாட்டார். இதுல ரெண்டு ஸ்க்ரூ. ஒண்ணு முடிஞ்சதும் துணியை உதறு, அடுத்ததுக்குப் போறேன். மறுபடி முதல் ஸ்க்ரூவை ஒரு தடவை பாக்கணும். அதுக்கு…"

"அதுக்கு நான் என்ன, குட்டிக்கரணம் அடிக்கணுமா?"

அவள் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்துவிட்டார்.

"இது மட்டும் கேக்குது," என்றாள்.

"உன் குத்தல் பேச்சு செத்தவனுக்கும் கேக்கும்."

அவளும் சிரித்தாள். பிறகு அவருக்கு நேர் எதிரே வந்து, முகம் பார்த்து, நிதானமாகச் சொன்னாள். "காதை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாங்க. அதுவரைக்கும் மீட்டர் இருக்கு. நான் வாங்கி வச்ச டப்பா இன்னும் பிரிக்காமயே கிடக்கு."

"மீட்டரா? மீட்டர் பாக்குறவன் மெக்கானிக் இல்லை, கரண்ட் ரீடிங் எடுக்குற ஆளுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்."

"சொன்னீங்க. சரி. நான் இன்னைக்குத் துணியை எடுக்கப் போறதில்லை."

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். அல்லது கேட்கவில்லை. எது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு வருடத்தில் அவளைக் களைப்பாக்கியது அந்தத் தெரியாமைதான்.

டாக்டர் நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டார். திறந்த பானட்டைப் பார்த்ததும், "என்ன காதுக்காரரே, கிழவியை ஆன்னு வாயைத் திறக்க வச்சுட்டீங்க? அது என் வேலையாச்சே!" என்று சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான், ஒரு நொடி தள்ளி, காதுக்காரர் சிரித்தார்.

வண்டி ஓடிச் சூடாகியது. உள்ளே போன அவள் துணியை ஆணியில் மாட்டிவிட்டு, டப்பாவைப் பிரித்தாள். வெளியே வந்து மீட்டரின் ரப்பர் குழாயை இன்ஜினில் அதற்கென்று இருந்த துளையில் செருகினாள். வட்ட முகத்தை அவர் கண்ணுக்கு நேராக மட்கார்டின் மேல் வைத்தாள். முள் எழுந்து நடுங்கியது. எந்த இடத்தில் அது மிக உயரமாக ஏறி நடுங்காமல் நிற்கிறதோ, அதுதான் சரியான இடம். கண்ணுள்ள யாரும் பார்க்கலாம்.

"அட, புதுசா இருக்கே!" என்றார் டாக்டர்.

காதுக்காரர் நிமிர்ந்தார். முதலில் அவள் தோளைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றுமில்லை. கடைசியில், வேறு வழியில்லாமல், முகத்தைப் பார்த்தார். இத்தனை பக்கத்தில் அந்தக் கண்களில் இருந்த பயத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. போய்த் துணியை எடுத்து வந்துவிடலாமா என்று ஒரு கணம் கால் பரபரத்தது.

"கொஞ்சம் கதவுகிட்ட போய் நில்லேன்," என்றார். தணிந்த குரலில் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

அவள் நகரவில்லை. அவர் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், அவருக்கு நன்றாகத் தெரியும்படி, தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தாள்.