மூன்றாவது தடி

டில்லி தர்பார் நடந்த மறு வருஷம் ஆடிக்காற்று கொஞ்சம் மிஞ்சித்தான் அடித்தது. வாழை போட்டவர்கள் எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, முத்துமாலை ஒருவர்தான் அந்தக் காற்றுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். அவருடைய வயல் மூலையில் நின்ற புளியமரம் வேரோடு சாய்ந்துவிட்டது.

அந்த மரத்தை ஊரில் ஒருத்தனும் வெட்ட மாட்டான். இரட்டைக் கூலி தருகிறேன் என்றாலும் பல்லைக் காட்டிவிட்டு நழுவிவிடுவான். மரத்தின் நெஞ்சுயரத்தில் ஓர் ஆணி இருந்தது. ஆணியைச் சுற்றி இருந்தது முத்துமாலையின் பெண்சாதி சுடலைவடிவின் தலைமுடி. அவளைப் பிடித்திருந்த பேயை உச்சிமுடியோடு சேர்த்துக் கோடாங்கி அங்கே அறைந்துவிட்டுப் போயிருந்தான். அதெல்லாம் பழைய கதை. பட்டை வளர்ந்து ஆணியை விழுங்கிவிட்டது. சுடலைவடிவும் போன மாசியில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள்.

பிள்ளைகுட்டி கிடையாது. அவள் போன பிறகு முத்துமாலை தானே பொங்கி, தானே தின்று, தானே சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். தொண்டை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே மாட்டிடம் இரண்டு வார்த்தை பேசுவார். உண்மையைச் சொன்னால் அவள் இருந்தபோதும் அந்த வீட்டில் பெரிய பேச்சொன்றும் இல்லை. நல்ல பொம்பளை, தலை நிமிராமல் சோறு வைப்பாள். புருஷன் பேரைப் பெண்சாதி சொல்லக்கூடாத ஊர் அது. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கதவுச் சங்கிலியை ஆட்டுவாள்.

பேய் பிடித்திருந்த அந்த ஒரு வருஷம்தான் வீடு வீடாக இருந்தது. தலையை விரித்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஏலே முத்துமாலை, கருப்பட்டி எங்கலே? சந்தைக்குப் போனவன் வெறுங்கையை வீசிக்கிட்டா வருவான்?" என்று அது கேட்கும். அவர் முதலில் பயந்துதான் வாங்கி வந்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே அது அவர் நடக்கிற நடையைப் பழித்துக் காட்டும். அவருடைய அம்மாவின் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஊர் ஒரு மாதிரி பார்க்கிறதே என்றுதான் கோடாங்கியை அழைத்தார். ஆணி இறங்கிய அன்றோடு எல்லாம் அடங்கிவிட்டது. மறுபடியும் கதவுச் சங்கிலிதான்.

ஆணியைப் பிடுங்குகிறவனோடு பேயும் கூடவே போய்விடும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். முத்துமாலைக்கு வேண்டியிருந்ததும் அதுதான். வரட்டும். ஒரு பேயாவது வீட்டில் பேசிக்கொண்டு கிடக்கட்டும்.

தனியாகவே மல்லுக்கட்டி மரத்தை மூன்று தடியாகத் துண்டு போட்டார். ஆணி இருந்த இடத்தைக் கோடாலியால் கொத்தப் போனவர் இரண்டு வெட்டோடு நிறுத்திக்கொண்டார். வைரம் பாய்ந்த கட்டை, கோடாலி துள்ளித் துள்ளித் திரும்பியது. தப்பி விழுந்தால் முடி துணுக்குத் துணுக்காகப் போய்விடும். வாள் போட்டு அறுத்தால்தான் உண்டு. தடிகளை நடைக்கு ஒன்றாக வண்டியில் ஏற்றி ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொண்டு போனார்.

அங்கே ஆற்றோரம் ஞானசிகாமணி அண்ணாச்சியின் மரவாடி. நீளக் குழி வெட்டி, மேலே ஒருவனும் குழிக்குள் ஒருவனும் நின்று பெரிய வாளை இழுத்து அறுப்பார்கள்.

"வைரம் நல்லாருக்கு வே. செக்குக்காரன் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பான்," என்றார் அண்ணாச்சி. புளியந்தடி வந்தால் வழக்கமாகக் கேட்பதையும் கேட்டார். "ஆணி கீணி உண்டுமா?"

"இந்த ரெண்டுலயும் கிடையாது. அந்த மூணாவதுல ஒண்ணு கிடக்கு."

"அப்போ அதை விறகுக்குக் கொண்டு போரும். என் வாளுக்குப் பல்லு போச்சுன்னா?"

"இந்த ரெண்டையும் சும்மாவே எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. அதை மட்டும் ஆணி கிட்ட வரைக்கும் அறுத்துத் தந்தாப் போதும்."

சும்மா வருகிற சாமானில் வில்லங்கம் இருக்கும் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். துருவித் துருவிக் கேட்டார். முத்துமாலை ஆணியின் கதையைச் சொன்னார், தன் ஆசையைச் சொல்லவில்லை. "முடியை எடுத்து ஆத்துல விடணும்," என்று மட்டும் சொல்லிவைத்தார்.

"பேயாவது பிசாசாவது. சுத்த அஞ்ஞானம் வே," என்றார் அண்ணாச்சி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அப்படிச் சொன்னவர் தடிமேல் வைத்திருந்த கையை மட்டும் பைய எடுத்துக்கொண்டார்.

மேல்வாள் இழுக்கிற மாரிக்கண்ணு, கேட்டதுமே துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டான். "கூலியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஆளை விடுங்க." ஆணியை வேறு யாரும் தொட வேண்டாம், தானே பிடுங்கிக்கொள்வதாக முத்துமாலை சுடலைமாடன்மேல் சத்தியம் செய்த பிறகுதான் அவன் குழிமேல் ஏறினான்.

வாள் இறங்க இறங்கத் தூள் சிவப்பாக விழுந்தது. வெயில் தாழ்ந்த நேரத்தில் தூள் கறுத்தது. மாரிக்கண்ணு வாளை நிறுத்தினான். "இரும்பு கிட்ட வந்துட்டு. இனி உம்ம பாடு." ஆப்பு வைத்துப் பிளந்து கொடுத்துவிட்டு எல்லாரும் விலகிப் போனார்கள். அணையில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று அண்ணாச்சிக்கும் திடீரென்று ஓர் அக்கறை வந்துவிட்டது.

மை கொட்டியது போன்ற கறைக்கு நடுவில் ஆணி இருந்தது. அதில் ஒரு சுருள் முடி, கன்னங்கரேலென்று. சாகும்போது சுடலைவடிவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இந்த முடிக்கு மட்டும் வயசே ஆகவில்லை. முத்துமாலை குறட்டால் ஆணியை அசைத்து அசைத்துப் பிடுங்கினார். முடியை விரலில் சுற்றிக்கொண்டு, மேல் சிலிர்க்கும் என்று காத்து நின்றார். ஆற்றங்காற்றுதான் அடித்தது.

"வா, வீட்டுக்குப் போவோம்," என்று வாய்க்குள் சொன்னார். போகிற வழியில் கருப்பட்டி வாங்கினார். வெறும் வண்டியில் பின்னால் ஆள் உட்கார்ந்திருப்பது போல, மேடு பள்ளம் பார்த்து மாட்டை மெதுவாக ஓட்டினார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் முத்துமாலை மரவாடி வாசலில் வந்து நின்றார். கையில் கருப்பட்டிப் பொட்டலம், அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. மாரிக்கண்ணு வாளை விட்டுவிட்டு எழுந்துகொண்டான்.

"என்ன வே, எதுவும் பிடிச்சுதா?" அண்ணாச்சி சிரித்தபடிதான் கேட்டார், ஆனால் எட்ட நின்று கேட்டார்.

"பிடிக்கல அண்ணாச்சி. கதவைத் தொறந்து போட்டுத்தான் இருந்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிடும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் வரல."

அண்ணாச்சிக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. "செத்தவங்க வந்து ஆளைப் பிடிக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது வே. இப்பவும் கிடையாது, முன்னயும் கிடையாது," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"முன்னயும் கிடையாதா? நெசமாவா?"

"நெசமாத்தான் சொல்லுதேன்."

முத்துமாலை சுவரோரம் பிளந்து கிடந்த தன் மூன்றாவது தடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ என்னைய ஏலே முத்துமாலைன்னு கூப்பிட்டது யாரு அண்ணாச்சி? அவதானே?"

எட்ட நின்ற அண்ணாச்சி இரண்டு எட்டு கிட்டே வந்தார். 

"கருப்பட்டி கேட்டதும் அவதானே. சிரிச்சதும் அவதானே. அவளையில்லா நான் ஆணி அடிச்சு நிறுத்திட்டேன்."

மாரிக்கண்ணு பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்து ஒரு தடிமேல் உட்கார வைத்தான். முத்துமாலை பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார்.