காம்பைப் பிடி, காயைத் தொடாதே

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டமெல்லாம் கவாத்து வெட்டி, முடியிறக்கின தலைபோல வெறிச்சென்று நின்றன. சுருளிராஜன் தோட்டத்தில் மட்டும் கொடி பந்தல் கொள்ளாமல் அடைந்து கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் நல்லகண்ணு தினமும் எட்டிப் பார்ப்பார்.

"ஏலே மாப்ள, கொடி வெட்டு வெட்டுன்னு கத்துறது எனக்கே கேக்குது. ஒனக்குக் கேக்கலையா?"

"ஆள் கிடைக்கல மச்சான்" என்று சொல்லிவிட்டுச் சுருளிராஜன் குனிந்துகொள்வான்.

ஆளெல்லாம் கிடைத்தார்கள். கவாத்து வெட்டினால் பழம் கைக்கு வர நாலு மாசம் ஆகும். அந்த நாலு மாசம் நாம் உயிரோடு இருப்போமா என்பதுதான் அவன் கவலை. வெட்டிப்போட்டுவிட்டு நடுவில் போய்ச் சேர்ந்தால், மருந்தடிக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் பெண்டாட்டி ஜோதிலட்சுமி தனியாக அல்லாட வேண்டும். இதை அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

தை மாசத்தில் அவன் கூட்டாளி பாண்டியராஜன் தொண்டைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தான். கழுத்தில் கட்டி வந்ததும் சூட்டுக் கட்டி என்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு திரிந்த ஆள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரொம்பத் தாமதமாகியிருந்தது. சுடுகாடு வரைக்கும் தோள் கொடுத்துவிட்டு வந்து, குளித்துத் தலை துவட்டும்போது, சுருளிராஜன் தன் தாடைக்குக் கீழே விரலை வைத்தான். பட்டாணிபோல ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்குப் பிடித்தது சனியன்.

திராட்சைக்காரன் கை சும்மா இருக்காது. மேகம் இறங்கினால் போதும், இலையைத் திருப்பித் திருப்பி அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம் இருக்கிறதா என்று பார்ப்பான். இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத நோய் இந்த வாரத்துக்குள் தோட்டத்தையே தின்றுவிடும். வரும் முன்னே மருந்தடிக்கிறவன்தான் பிழைப்பான். வருசக்கணக்கில் அப்படிப் பழகின கண்ணையும் கையையும் சுருளிராஜன் தன் கழுத்தின் மேல் திருப்பிவிட்டான். பைக் கண்ணாடியில் பார்ப்பான். டீ குடித்துக்கொண்டே அமுக்குவான். சாப்பிட உட்கார்ந்தால் இடது கை தாடைக்கடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"ஏ புள்ள, இங்கன தொட்டுப் பாரு. நேத்தைக்கு இன்னைக்குப் பெருசாயிருக்குல்ல?"

"இல்லங்க. ஒண்ணுமில்ல."

"நல்லா அமுக்கிப் பாரு."

"நாளெல்லாம் இப்பிடி அமுக்குனா வீங்காம என்ன செய்யும்? எங் கழுத்த அமுக்குனாலும் நானும் வீங்கித்தான் போவேன்."

கம்பத்தில் ஒரு டாக்டர், சின்னமனூரில் ஒரு டாக்டர், தேனியில் ரெண்டு பேர் என்று பார்த்தாயிற்று. கம்பத்து ரத்தப் பரிசோதனைக் கடை நதியா, அவனைக் கண்டதும், "அண்ணே, இந்தக் கையில ஊசி குத்த எடமில்ல, மத்தக் கையக் குடுங்க" என்பாள். மதுரைக்கே போய் ஸ்கேன் எடுத்து, ஊசியால் உறிஞ்சியும் பார்த்தார்கள். சாதாரண நெறிக்கட்டிதான், எல்லார் கழுத்திலும் இருப்பதுதான் என்றார்கள். அன்றைக்குச் சுருளிராஜனுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே! உசிலம்பட்டியில் பஸ்ஸை விட்டிறங்கிப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தான். அடுத்த பஸ் பிடித்து ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது ஜோதிலட்சுமியின் காதருகே குனிந்தான்.

"ஏ புள்ள, அந்த ரிப்போட்டு என்னோடதுதானா? வேற ஆளுதக் குடுத்துட்டாகளோ?"

ஜோதிலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் நேராக நல்லகண்ணுவிடம் போய், "அண்ணே, நீங்களாச்சும் கேளுங்கண்ணே" என்று கண்ணைக் கசக்கினாள்.

நல்லகண்ணு கையில் கவாத்துக் கத்தரியோடு வந்து பந்தலடியில் உட்கார்ந்தார்.

"மாப்ள, கம்பம் பெரியாஸ்பத்திரிக்கு வாரத்துல ஒரு நாளு ஒரு டாக்டரம்மா வர்றாக. மனசு டாக்டர். போய்ப் பாரு."

சுருளிராஜனுக்குச் சுருக்கென்றது. "நான் என்ன பைத்தியமா மச்சான்?"

"பைத்தியம்னா நாந்தான்டா மொதப் பைத்தியம். போன வருசம் அறுப்பு நேரத்து மழையில குலையெல்லாம் வெடிச்சு நின்னுச்சே, ஞாபகமிருக்கா? அப்பறம் எனக்குக் கண்ணு மூடல. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு வானத்தப் பாத்துக்கிட்டே கெடந்தேன். அவககிட்டத்தான் போனேன்."

"நீங்களா?"

"நாந்தான். சீட்டு எழுதுற எடத்துல கூட நம்மூரு ஆளுக ரெண்டு பேரு நின்னாக. அவக என்னையப் பாக்கல, நான் அவகளப் பாக்கல. அம்புட்டுத்தான்."

சுருளிராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெறுங்கையோடு டாக்டரைப் பார்க்கப் போகிற வழக்கம் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கிடையாது. அப்போது கூடலூர்ப் பக்கம் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து கொஞ்சம் பன்னீர் திராட்சை வாங்கி, செய்தித்தாளில் பொதிந்து, ஸ்கேன் படங்கள் வைத்த பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள்.

டாக்டர் அபிதா கெங்குவார்பட்டிப் பெண். சின்ன வயசு. படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "எனக்கா?" என்று கேட்டபடி காகிதத்துக்குள் கையை விட்டு ஒரு குலையைக் கொத்தாக அள்ளி எடுத்தார்.

"டாக்டரம்மா, டாக்டரம்மா! காம்பப் புடிங்க!" என்று சுருளிராஜன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

"ஏன், என்னாச்சு?"

"காய்மேல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்குல்ல, அது கை பட்டா போயிரும். போச்சுன்னா யாவாரி தொட மாட்டான். அறுப்புக்கு வர்ற பொம்பளையாளுககிட்ட மொத நாளே சொல்லிருவோம், காம்பப் புடி, காயத் தொடாதன்னு."

"ஒரே ஒரு தரம் தொட்டுப் பாத்தா?"

"தொட்ட எடந்தான் மொதல்ல கெடும்."

டாக்டர் காம்பைப் பிடித்துக் குலையை மெல்ல மேசைமேல் வைத்தார். "சரி. ஒங்க கழுத்த ஒரு நாளைக்கு எத்தன தரம் தொடுறீக?"

சுருளிராஜன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். கை அப்போதும் தாடைக்கடியில்தான் இருந்தது. ஜோதிலட்சுமி சிரிப்பைச் சேலைத் தலைப்புக்குள் அடக்கினாள்.

"அப்ப எனக்கு வலிக்கிறதெல்லாம் பொய்யா டாக்டரம்மா?"

"பொய்யில்லைங்கய்யா. அமுக்கி அமுக்கி அந்த எடம் புண்ணாப் போயிருக்கு, வலிக்கத்தான் செய்யும். பயத்துல தொண்டையும் அடைக்கும், நெஞ்சும் படபடங்கும். ஆனா ஒங்கள வாட்டுறது கட்டியில்ல, நோயப் பத்துன பயம். இதுவும் ஒரு நோய்தான். நெறையப் பேருக்கு வர்றதுதான், கொணமும் ஆகும். ஒவ்வொரு ஸ்கேன் எடுத்தப்பயும் நிம்மதி எம்புட்டு நேரம் இருந்துச்சு?"

"ஆண்டிபட்டிக் கணவா வரைக்கும்" என்றாள் ஜோதிலட்சுமி.

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அதான். பாக்கப் பாக்கப் பயம் இன்னொரு தரம் பாருன்னுதான் கேக்கும். தொடணும்னு தோணுனா உடனே தொடாதீக. ஒரு வரிசைக்குத் தண்ணி பாச்சிட்டு வந்து தொடுவோம்னு தள்ளிப் போடுங்க. பயம் ஏறும், ஏறிட்டுத் தானா எறங்கும். போன்ல நோயத் தேடாதீக. கொஞ்ச நாளைக்கு இங்க மட்டும் வாங்க, பரிசோதனை வேணும்னா நானே சொல்றேன். இப்பிடிப் பேசிப் பழகியும் கொறையலன்னா மாத்திரையும் இருக்கு. அக்கா, நீங்களும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்றத நிறுத்துங்க. அதுவும் ஸ்கேன் மாதிரிதான், கொஞ்ச நேரந்தான் தாங்கும்."

"வேற என்ன சொல்லட்டும்?"

"பயமா இருக்கா, வாங்க வேலையப் பாப்போம்னு சொல்லுங்க."

"கல்யாணம் ஆன நாள்லருந்து அதத்தான டாக்டரம்மா சொல்லிக்கிட்டிருக்கேன்."

டாக்டர் சுருளிராஜன் பக்கம் திரும்பினார். "இந்தப் பயத்தால எந்த வேலைய நிறுத்தி வச்சிருக்கீக?"

அவன் தரையைப் பார்த்தான். "கவாத்து" என்றான். "நாலு மாசம் இருப்பனோ என்னமோ. நடுவுல போய்ட்டா இவ என்ன செய்வா?"

ஜோதிலட்சுமியின் சிரிப்பு நின்றுபோனது. பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கினதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"அட மனுசா. இதையா இத்தன நாளு நெஞ்சுக்குள்ள வச்சிருந்தீக? நீங்க மருந்துக் கலவையத் தப்பாக் கலக்குறப்பெல்லாம் திருத்துனது யாரு? நீங்க இருந்தாலும் நாந்தான் பாக்கணும், போனாலும் நாந்தான் பாக்கணும். மொதல்ல வெட்டுங்க."

"திட்டுறியா, தைரியம் சொல்றியா?"

"ரெண்டுந்தான்."

அந்த வாரமே ஆள் இறங்கியது. முதல் கொடியைச் சுருளிராஜனே வெட்டினான். கத்தரி பிடித்த கைக்குத் தாடைக்குப் போக நேரமில்லை. வேலை முடிந்து கையைக் கழுவினதும் அது போகப் பார்த்தது. 'ஒரு வரிசை' என்று முணுமுணுத்துக்கொண்டு, வெட்டிப்போட்ட கிளைகளைக் கூட்டி அள்ளப் போனான். டாக்டரம்மா சொன்னபடியே பயம் ஏறியது. வரிசை முடிவதற்குள் கொஞ்சம் இறங்கினதுபோலவும் இருந்தது. அப்படியும் சாயங்காலம் தொட்டுவிட்டான். மறுநாள் அவ்வளவு தொடவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு நாள் இருமல் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகி, ஜோதிலட்சுமியிடம் கழுத்தை நீட்டினான். அவள் தொடவில்லை. "பயமா இருக்கா? வாங்க, மோட்டாரப் போடுவோம்" என்றாள். முகம் சுண்டிப்போய்த்தான் அவள் பின்னால் போனான். ஆனாலும் போனான். டாக்டரம்மாவிடமும் விடாமல் போய்வந்தான். சீட்டு எழுதும் இடத்தில் நல்லகண்ணுவைப் பார்த்தால் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

தளிர் வந்தது, பூ வந்தது, காய் பிடித்துக் கறுத்தது. நாலு மாசம் முடிந்து அறுப்பு நடந்த காலையில் பந்தலடியில் ஒரே சத்தம். கேரளா லாரி வெளியே நிற்க, யாவாரி பெட்டிகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். "காம்பப் புடிங்க தாயி, காம்பப் புடிங்க" என்று சுருளிராஜன் வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனான். வரிசைக் கடைசியில் ஜோதிலட்சுமி ஒரு குலையை அறுத்துக் காம்பைப் பிடித்து நீட்டினாள். "இது டாக்டரம்மாவுக்கு. தனியா வைங்க."

அதை வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினான்.

"ஏ புள்ள, இன்னைக்குக் காலையில ஒரு தரம் தொட்டுட்டேன்."

"மாவு போச்சா?"

"போச்சு" என்றான். "திராட்சைக்குத்தான் மாவு போனா வராது. கழுத்து, நாளைக்குத் தொடாம விட்டா சரியாப் போயிரும்."

ஜோதிலட்சுமி சிரித்துக்கொண்டே அடுத்த குலைக்குக் கையை நீட்டினாள்.